எத்தனையாவது நாள்? அறுவைக்குப் பின் வரும் சந்தேகங்கள்: கேள்வி பதில்

அறுவைப் பிரிவில் 30 ஆண்டுகள் செவிலியராக இருந்தவன். கேளுங்கள். எத்தனையாவது நாள் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு நேற்று குடலிறக்க அறுவை. இன்று காய்ச்சல் 100 டிகிரி. சீழ் பிடித்துவிட்டதா?

பதில்: முதல் இரண்டு நாள் இலேசான காய்ச்சல் பெரும்பாலும் உடல் புண்ணை ஆற்றத் தொடங்குவதால் வருவது; தானே இறங்கும். மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். சீழ் பிடிக்கப் பொதுவாக ஐந்தாறு நாளாகும். விட்ட காய்ச்சல் அப்போது திரும்பினாலோ, தையலைச் சுற்றிச் சிவந்து சூடாகி வலி கூடினாலோ அன்றே காட்டுங்கள். சிவப்பு வேகமாகப் பரவினால் முதல் நாளானாலும் காத்திருக்காதீர்கள். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்து இரண்டு நாள். தோள் ஏன் வலிக்கிறது?

பதில்: வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு, வயிற்றுக்கு மேலுள்ள உதரவிதானத் தசையை உறுத்துவதால்; அந்த உறுத்தல் தோளில் வலியாகத் தெரியும். ஓரிரு நாளில் போய்விடும்.

கேள்வி: சிசேரியன் ஆகிப் பத்து நாள். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. தைலம் தேய்க்கலாமா?

பதில்: தேய்க்காதீர்கள், இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காலில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினால் திடீரென்று மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும், உயிரே போகலாம். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் இந்த ஆபத்து அதிகம்.

கேள்வி: பருப்பு சாப்பிட்டால் தையலில் சீழ் வைக்குமாமே?

பதில்: வைக்காது. புண் ஆறப் புரதம் வேண்டும்.

கேள்வி: முட்டை?

பதில்: அதே பதில்.

கேள்வி: எங்கள் பாட்டி பருப்பை விலக்கித்தான் பத்தியம் வைத்தார். அனுபவம் பொய்யா?

பதில்: பாட்டியின் அக்கறை பொய்யில்லை, காரணம்தான் தவறு. சீழ் என்பது கிருமியோடு போராடி மடிந்த வெள்ளணுக்கள். தின்ற பருப்பு அங்கே போய்ச் சேர்வதில்லை. கஞ்சியும் ரசமும் மட்டுமே குடித்து, தையல் பிரிந்து திரும்பி வந்த தாய்மார்களை நான் கையால் தூக்கிப் படுக்கவைத்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு முட்டை கொடுக்க வீட்டில் ஒருவரும் துணியவில்லை.

கேள்வி: பருப்பு வாயு அல்லவா?

பதில்: வாயு வேறு, சீழ் வேறு. வயிறு உப்பினால் அளவைக் குறையுங்கள்.

கேள்வி: மீன்?

பதில்: முட்டைக்குச் சொன்னதே.

கேள்வி: தையலில் மஞ்சள் பூசலாமா?

பதில்: மஞ்சள், எண்ணெய், திருநீறு, எதுவும் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் பெரிய அறுவை, ஏழாம் நாள். இருமியபோது இளஞ்சிவப்பு நீர் கட்டுத்துணியை நனைத்துவிட்டது. வலியில்லை. காலைவரை பார்க்கலாமா?

பதில்: பார்க்காதீர்கள். உள்தையல் விட்டிருக்கலாம். முழங்காலை மடக்கிப் படுக்கவையுங்கள், வாய்வழி ஒன்றும் கொடுக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடுங்கள். அழைத்துவிட்டு எழுதுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.