மகள் தோட்டத்துக்கே பயிற்சிக்குப் போவதை எண்ணி வருந்தும் தாய்க்கு

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

விவசாய டிப்ளோமா படிக்கும் உங்கள் மகள் தொழிற்பயிற்சிக்குச் செம்பனைத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்திருப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். "தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டை விட்டு வெளியே வரத்தான் இவளைப் படிக்க வைத்தோம், படித்துவிட்டு அங்கேயே திரும்பிப் போகிறாளே" என்ற வரியை நான் பலமுறை படித்தேன். பத்தாங் பெர்ஜுந்தை என்று நம்மில் பலர் இன்றும் சொல்லும் இந்தப் பெஸ்தாரி ஜெயாவில், விடியுமுன் ரப்பர் பால்மரம் சீவப் போன தாய்க்குப் பிறந்தவள் நான். உங்கள் அச்சத்தின் வேர் எனக்குத் தெரியும் என்பதால், சமாதான வார்த்தைகளை விட்டு, அவள் அங்கே என்ன செய்யப்போகிறாள் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நடவு நடந்தது. ஆயினும் நம் குடும்பங்கள் அந்த மரத்தைக் கூலி நாளோடு சேர்த்தே அறிந்திருக்கின்றன. அதை ஒரு படிப்பாகப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு அரிதாகவே கிடைத்தது. உங்கள் மகளுக்கு அது கிடைத்திருக்கிறது.

நாற்றுமேடையை எடுத்துக்கொள்ளுங்கள். முளைவிட்ட விதை சிறு பையில் ஏறத்தாழ 3 மாதமும், பிறகு பெரிய பையிலும் வளர்ந்து, சுமார் ஓராண்டு வயதில் நிலத்துக்குப் போகிறது. அதற்குள் வளர்ச்சி குன்றியவற்றையும் இலை முறுக்கியவற்றையும் கண்டறிந்து அகற்ற வேண்டும். அப்படி ஒன்று தப்பி நடப்பட்டுவிட்டால், மரத்தின் பயன்காலமான சுமார் 25 ஆண்டுகளும் அந்த இடம் வீணாகும். முன்பு என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி, பச்சையாக நிற்கும் நாற்றைத் தூக்கி எறிய மனம் வராமல் முதல் வாரம் முழுவதும் தவித்தாள். தன்னைக் கோழை என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பேசிப் பார்த்தபோது, கண்ணால் மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் அவளை உறுத்தியது என்றும், அளந்து உறுதிசெய்த பிறகு அவள் தயங்குவதே இல்லை என்றும் தெரிந்தது. உர அளவைத் தீர்மானிக்க, மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த மரங்களில் உச்சியிலிருந்து எண்ணி 17ஆம் மட்டையின் இலைகளை வெட்டி ஆய்வுக்கு அனுப்பும் வேலை வந்ததும், அதே மாணவி நேரம் போவது தெரியாமல் உழைத்தாள். இன்று அவள் மண் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறாள். மூன்றாண்டுகள் வகுப்பில் உட்கார்ந்தும் அவளுக்குத் தெரியாமலிருந்த ஒன்றை அந்த நாற்றுமேடை காட்டிக்கொடுத்தது.

அறுவடைப் பகுதியில் சோதனை வேறு விதமானது. உதிரிப் பழம் விழுந்திருப்பதைப் பார்த்துக் குலை பழுத்ததா என்று அறிய வேண்டும்; வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் குறையத் தொடங்கும். லாரி வராத நாளில், தன் தந்தை வயதுடைய மண்டோரிடமும் (வேலை மேற்பார்வையாளர்) இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளரிடமும் அவள் எப்படிப் பேசுகிறாள், கோபப்படுகிறாளா, ஒதுங்கிக்கொள்கிறாளா, வழி தேடுகிறாளா என்பது அவளுக்கே அப்போதுதான் தெரியவரும்.

மருந்தடிப்பு பற்றிய உங்கள் பயம் முற்றிலும் நியாயமானது. நம் தாய்மார் எத்தனை பேர் முதுகில் தொட்டியைச் சுமந்து அந்த வேலையைச் செய்தார்கள்! பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும் மற்ற மருந்துகள் உண்டு. ஆகவே, தங்குமிடம் பெண்களுக்குத் தனியாக உள்ளதா, பாதுகாப்பு உடை யார் தருவார்கள், விபத்துக் காப்புறுதி உண்டா, விரிவுரையாளர் எத்தனை முறை நேரில் வந்து பார்ப்பார் என்பவற்றைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சரியான பதில் வராவிட்டால் இடத்தை மாற்றச் சொல்லத் தயங்க வேண்டாம். அது தாயின் உரிமை.

முதல் இரண்டு வாரங்களுக்குள் அவள் அழுதுகொண்டே தொலைபேசியில் அழைக்கக்கூடும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, விடியுமுன் எழுந்த களைப்பில் பேசும் பேச்சை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் யாரேனும் தவறாக நடந்துகொண்டதாகவோ, பாதுகாப்பில்லை என்றோ சொன்னால் அன்றே கல்லூரியை அழையுங்கள். மற்ற நாட்களில் "இதில் என்ன சம்பளம் வரும்" என்று கேட்காமல், "இன்று எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எந்த வேலையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்" என்று கேளுங்கள். அதற்கான பதிலைக் கல்லூரி கேட்கும் பதிவேட்டில் எழுதாமல், தனியாக ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பயிற்சி முடிந்ததும், செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்துக்கோ வேறெங்குமோ பட்டப்படிப்பு விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன், அந்த நோட்டோடு நீங்கள் இருவரும் என்னிடம் வாருங்கள். பயிர் அறிவியலா, ஆய்வுக்கூடமா, நிர்வாகமா, விவசாயமே வேண்டாமா என்பதை அவள் கைப்பட எழுதிய அந்த வரிகளை வைத்துக்கொண்டு பேசலாம்.