1200 மடங்கு என்று போட்டிருக்கிறதே? மைக்ராஸ்கோப் கேள்வி-பதில்

கேள்வி: மகள் பிளஸ் ஒன் உயிரியல் படிக்கிறாள். ‘1200 மடங்கு’ என்று போட்டிருந்த மைக்ராஸ்கோப்பை ஆன்லைனில் வாங்கினோம். வெங்காயத் தோலை வைத்தால் மங்கலான கோடுகள்தான் தெரிகின்றன. பெட்டியைப் பிரித்ததால் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை அம்மா. அந்த எண்தான் ஏமாற்று. மடங்கு என்பது உருவம் எவ்வளவு பெரிதாகிறது என்பதை மட்டும் சொல்லும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன், என்.ஏ. என்ற வேறொரு எண்ணில் இருக்கிறது. நல்ல 40 எக்ஸ் (40 மடங்கு) அப்ஜெக்டிவ், அதாவது ஸ்லைடுக்கு அருகில் இருக்கும் லென்ஸ், மீது 40/0.65 என்றும், அதன் கீழே 160/0.17 என்றும் பொறித்திருக்கும். 0.65தான் என்.ஏ. அதை ஆயிரத்தால் பெருக்குங்கள், 650 மடங்கு. கண் வைக்கும் லென்ஸையும் சேர்த்த மொத்தக் கணக்கு இது. அதற்கு மேல் எத்தனை மடங்கு கூட்டினாலும் மங்கல்தான் பெரிதாகும். 160 என்பது குழாய் நீளம், 0.17 என்பது ஸ்லைடில் பொருளை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் கிளாஸின் தடிமன், இரண்டும் மில்லிமீட்டரில். பொம்மை ரகத்தில் என்.ஏ. போட்டிருக்காது, ஸ்லைடின் மேல் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரும் இருக்காது. பல சமயம் லென்ஸே பிளாஸ்டிக்காக இருக்கும். நான் ஒரு முறை வாங்கி வீணாய்ப் போனதும் இந்த ரகம்தான். படிக்கிற பிள்ளையின் ஆசையை வைத்துக் காசு பார்ப்பதை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கண் வைக்கும் ஐபீஸில் மொபைலை வைத்து அந்த மங்கலையும் படம் பிடியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லுங்கள். மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: 100 எக்ஸ் லென்ஸுக்கு எண்ணெய் வேண்டும் என்றார்கள். தேங்காய் எண்ணெய் விட்டேன். படம் தெளிவில்லை, இப்போது லென்ஸும் பிசுபிசுக்கிறது. கடைக்காரர் மாற்றித் தருவாரா?
– ஓமலூர் மாணவர்

பதில்: தர மாட்டார், தர வேண்டியதும் இல்லை. கண்ணாடிக்கு இணையாக 1.515 ஒளிவிலகல் எண் உள்ள இம்மர்ஷன் ஆயில்தான் விட வேண்டும்.

கேள்வி: டியூஷன் சென்டருக்கு ஒன்று வாங்கப் போகிறேன். மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் எல்லாம் தெரிய எந்த மாடல்?
– ஆசிரியர், ஆத்தூர்

பதில்: ரைபோசோம் தெரியும் என்று யாராவது விற்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள் சார். அதன் அளவு ஏறக்குறைய 25 நானோமீட்டர். சாதாரண ஒளி மைக்ராஸ்கோப் 200 நானோமீட்டரோடு நின்றுவிடும், மிச்சம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேலை. மைட்டோகாண்ட்ரியாவை உயிருள்ள செல்லில் ஜேனஸ் கிரீன் பி சாயமிட்டு, 100 எக்ஸ் எண்ணெய் லென்ஸில் நீலப்பச்சைப் புள்ளிகளாகப் பார்க்கலாம், அவ்வளவே. நியூக்ளியஸ், செல் சுவர், பசுங்கணிகம் ஆகியவற்றுக்கு 40 எக்ஸ் போதும். வேலம்பாசி இலை ஒன்றைத் தண்ணீரில் வைத்து விளக்கைப் போடுங்கள். சற்று நேரத்தில் பசுங்கணிகங்கள் செல் சுவரை ஒட்டி வரிசையாக நகர ஆரம்பிக்கும். பிள்ளைகள் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

கடைக்குப் போகும்போது சாப்ரனின் சாயமிட்ட வெங்காயத் தோல் ஸ்லைடு ஒன்றைக் கொண்டு போங்கள். 10 எக்ஸில் தெளிவாக்கிவிட்டு 40 எக்ஸுக்குத் திருப்பினால், சிறிய திருகைக் கொஞ்சம் அசைத்தாலே படம் வர வேண்டும். பெரிய திருகை விட்டதும் ஸ்லைடு வைக்கும் மேடை தானாக இறங்குகிறதா பாருங்கள், இறங்கினால் வேண்டாம். 40 எக்ஸின் முனையை ஓரத்தில் மெல்ல அழுத்தினால் ஸ்பிரிங் உள்ளே போய் வர வேண்டும். ஸ்பிரிங் இல்லையென்றால் முதலில் ஸ்லைடு உடையும், அடுத்து லென்ஸ். பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பள்ளி மைக்ராஸ்கோப்பின் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள். உறை போட்டுத்தான் வைத்திருந்தோம். கடையில் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள்.
– ஏற்காடு

பதில்: அது பூஞ்சை. உங்கள் ஊர் மூடுபனியில் பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். கோடு வெளிப்பக்கம் என்றால் லென்ஸ் பேப்பரில் துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். உள்ளே என்றால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். லென்ஸின் மேல்பூச்சையே பூஞ்சை அரித்துவிட்டிருந்தால் துடைத்தும் போகாது. அதற்காக முழுக் கருவியை வாங்க வேண்டியதில்லை. அந்த அப்ஜெக்டிவை மட்டும் மாற்றலாம், 160 குழாய் நீளத்துக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். இனி அப்ஜெக்டிவ்களைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி, ஆறியதும் திரும்பப் போடலாம்.