சாய்ந்து நிற்கும் பிக்கப்: கமான் பட்டையா, ஷாக்கா?

கேள்வி: குளச்சலிலிருந்து மார்த்தாண்டத்துக்குத் தினமும் மீன் ஏற்றுகிறேன். ஏழு வருடப் பிக்கப். பின்பக்கம் இடது புறம் தாழ்ந்து நிற்கிறது. குழியில் இறங்கினால் ‘டக் டக்’ என்று சத்தம். ஒரு மெக்கானிக் கமான் பட்டையை மொத்தச் செட்டாக மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் ஷாக் மட்டும் போதும் என்கிறார். அடுத்த வருடம் வண்டியை விற்கும் யோசனையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஷாக் மட்டும் போதும் என்ற பேச்சை முதலில் விடுங்கள். எடையைத் தாங்குவது கமான் பட்டை, அதாவது வண்டிக்கு அடியில் வில் போல வளைத்து அடுக்கியிருக்கும் பட்டைகள். அது துள்ளுவதை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. புது ஷாக் போட்டாலும் சாய்ந்த வண்டி நிமிராது.

மொத்தச் செட் வேண்டுமா என்பதை அடியில் படுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் ஏற்றும் வண்டியும் உங்கள் வண்டியும் ஒரே வயது என்றாலும் அடிப்பக்கம் ஒன்றாக இருக்காது. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பட்டைகளுக்கு நடுவே தங்கி அரித்துவிடும். அரித்த இடத்தில்தான் விரிசல் தொடங்கும்.

சுமை இறக்கி, அடியை நன்றாகக் கழுவி, சமதரையில் நிறுத்துங்கள். டயர் காற்று இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். சேசிஸுக்கும் (அடிச்சட்டம்) ஹவுசிங்குக்கும் (பின் அச்சின் உறை) உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பாடியை வைத்து அளக்க வேண்டாம், பாடியே கோணலாகக் கட்டியிருக்கலாம். அப்புறம் டார்ச் அடித்து, பட்டைகளை ஹவுசிங்கோடு சேர்த்து யு போல்ட் பிடிக்கும் இடத்தை ஒட்டிப் பாருங்கள். பட்டை பெரும்பாலும் அங்கேதான் ஒடியும். மயிரிழை போலச் செந்துருக் கோடு தெரிந்தால் அன்றோடு லோடு ஏற்றுவதை நிறுத்துங்கள். இரு முனையும் வளையமாக (கண்) இருக்கும் மெயின் பட்டை போனால் ஹவுசிங்கே நகர்ந்துவிடும். முன் கண் போல்ட்டிலிருந்து ஹவுசிங் வரை இரு பக்கமும் அளவு வேறுபட்டால், பட்டைகளை நடுவில் கோர்த்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சத்தம் பெரும்பாலும் புஷ்ஷும் (பட்டையின் கண்ணுக்குள் இருக்கும் உருளை) சாக்கிளும் (பட்டை முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) தேய்ந்ததால் வரும். செலவு குறைவு, யோசிக்காமல் மாற்றுங்கள். ஷாக்கில் ஆயில் வழிந்தாலோ, டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்தாலோ இரண்டு பக்க ஷாக்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

விற்கும் கணக்குக்கு வருவோம். ஒரே ஒரு பட்டைதான் ஒடிந்திருக்கிறது, மற்றவை அரிக்கவில்லை என்றால் அதையும் புஷ்ஷையும் யு போல்ட்டையும் மாற்றினால் போதும். இரண்டு மூன்று பட்டை விரிசல் விட்டோ மெலிந்தோ இருந்தால் இரண்டு பக்கமும் புதுச் செட்தான். ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் வண்டி மறுபக்கம் சாயும். எட்டு வருடம் தாண்டினால் எஃப்சி (தகுதிச் சான்று) வருடாவருடம் எடுக்க வேண்டும், வாங்க வருகிறவரும் குனிந்து பார்ப்பார். பழைய பட்டையைச் சூடாக்கி வளைவு ஏற்றித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள், பதம் போய்விடும்.

கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கவும் வேண்டாம். பல பிக்கப்களில் பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு, வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்தே வேலை செய்கிறது. பட்டை விறைத்தால் லோடு ஏற்றியும் வண்டி தாழாது. காலி வண்டி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

கழற்றிய பழைய யு போல்ட்டைத் திரும்பப் போட விடாதீர்கள். வேலை முடிந்து நாலைந்து நாள் லோடு ஓடியதும் பட்டறைக்குப் போய் நட்டை மறுபடி முறுக்கிவிட்டு வாருங்கள்.