பிடிக்கணம் மறந்த வேழம்

அன்புள்ள ஐயா,

உங்கள் புதிய சிறுகதையைப் படித்தேன். 19 வயதில் அவன் போருக்குப் போகிறான். அவள் மூன்று வருடம் காத்திருக்கிறாள். உயிரோடு திரும்பியும் வந்துவிடுகிறான். ஆனால் எட்டே மாதத்தில் அவள் அவனை விட்டுப் போய்விடுகிறாள். மூன்று வருடம் பொறுத்தவளால் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க முடியாதா? ஒன்று அந்தக் காத்திருப்பு பொய், இல்லை அந்தப் பிரிவு பொய். உங்கள் மேல் கோபம்தான் வந்தது.

இன்னொன்று. என் தோழி, போர்முனையிலிருந்து திரும்பிய ஒருவரை மணக்கப்போகிறாள். இந்தக் கதையை அவளிடம் கொடுக்கலாமா என்று தெரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கோபம் புரிகிறது. ஆனால் இரண்டுமே பொய்யில்லை. அவள் காத்திருந்தது போனவனுக்காக. வந்தவன் வேறு ஆள்.

முல்லைப்பாட்டு என்ற சங்கப் பாடல் 103 அடிகள்தான். தலைவன் போருக்குப் போயிருக்கிறான், தலைவி காத்திருக்கிறாள், முதிய பெண்கள் அவளுக்காக விரிச்சி, அதாவது நற்சொல் நிமித்தம், கேட்கிறார்கள். அதை அவளுடைய பாட்டாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அதைப் பாடிய நப்பூதனார் நடுவில் நம்மைப் பாசறைக்குள் கூட்டிப்போகிறார். அங்கே அரசனான அந்தத் தலைவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறு கையால் தலையைத் தாங்கி, நெடுநேரம் யோசிக்கிறான். அவளையா? இல்லை. வெட்டுண்டு பாம்பு போலத் துடித்த துதிக்கைகளை. செஞ்சோற்றுக் கடன் தீர்த்து மாண்டவர்களை. அம்பு தைத்து, காதைச் சாய்த்து, தீனி எடுக்காமல் நிற்கும் குதிரைகளை. வேல் பாய்ந்து புண்பட்ட யானைகளைப் புலவர் ‘பிடிக்கணம் மறந்த வேழம்’ என்கிறார். புண்ணின் வலியில் தன் பெண் யானைகளையே மறந்துபோன களிறு.

என் கதை அந்த ஒரு வரியிலிருந்து வந்தது. மறுநாள் வென்றபின் அவன் நிம்மதியாகத் தூங்குவதாகப் பாட்டு சொல்கிறது. தேர்க்குதிரைகளின் ஓசை அவள் காது நிறையக் கேட்பதோடு முடிகிறது. அவன் வீடு வந்த பிறகு வரும் இரவுகளை எழுதத்தான் நான் முயன்றேன்.

கடிதங்கள் இருந்தனவே, அவன் மாறுவது அவளுக்குத் தெரிந்திருக்காதா என்று கேட்கலாம். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு அச்சடித்த அஞ்சலட்டை ஒன்று கொடுத்தார்கள். ‘நலமாக இருக்கிறேன்’, ‘மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்’ என்பது போன்ற வரிகள் அதில் இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். கூடுதலாக ஏதாவது எழுதினால் அட்டை அழிக்கப்படும். அந்த அட்டையைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியவள் எதைத் தெரிந்துகொண்டிருப்பாள்? தணிக்கை இல்லாத இடத்திலும் 20 வயதுப் பையன், தான் விரும்பும் பெண்ணுக்கு, பக்கத்தில் இருந்தவன் எப்படிச் செத்தான் என்று எழுதமாட்டான். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைப்பான். அவள் அந்தக் கடிதங்களில் இருந்தவனோடு மூன்று வருடம் வாழ்ந்துவிட்டாள்.

தட்டு கீழே விழுந்த சத்தத்துக்கு அவன் மேசைக்கடியில் பதுங்கும் இடத்தைக் குறிப்பிட்டு நிறையப் பேர் எழுதினார்கள். அதை அவள் தாங்கிக்கொண்டாள். அவன் இரவில் அலறுவதையும் தாங்கினாள். அவள் பழையபடி சிரித்தபோது அவன் முகத்தில் ஒன்றுமே அசையவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பயத்தை மட்டும் தனியாக மரத்துப்போகச் செய்ய மனதுக்குத் தெரியாது. அதோடு ஆசை, துக்கம், கூச்சம் எல்லாம் சேர்ந்தே மரத்துவிடும். அவன் காதலை இழந்துவிட்டான் என்று நான் எழுதவில்லை. அது இருக்கும் இடம் அவனுக்கே எட்டவில்லை.

இதற்கு ஒரு பெயர் வைக்கவே உலகத்துக்கு எவ்வளவு காலம் ஆனது பாருங்கள். 1915இல் ‘ஷெல் ஷாக்’ (குண்டு அதிர்ச்சி) என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்று நாம் சொல்லும் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய்) என்ற பெயர், வியட்நாம் போர் முடிந்தபின், 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது. முதல் உலகப்போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சொந்தப் படையே சுட்டுக்கொன்ற 306 பேருக்கு பிரிட்டன் 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் மனம் சிதைந்துபோனவர்களும் இருந்தார்கள். ஓர் அரசாங்கத்துக்குத் தொண்ணூறு வருடம் பிடித்த ஒன்றை எட்டு மாதத்தில் புரிந்துகொள்ளவில்லை என்று அந்தச் சின்னப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அப்புறம், உங்கள் தோழி. கதையைக் கொடுங்கள், ஆனால் என் கதையில் இருவருக்கும் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்கும் என்று சொல்லிக் கொடுங்கள். இதற்கென்றே பேச்சுவழிச் சிகிச்சைகள் இன்று இருக்கின்றன, பலருக்குப் பலன் தருகின்றன. மணக்கப்போகிறவர் ஒருவேளை கெட்ட கனவில் புரண்டால் தொட்டு உலுக்க வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எந்தச் சத்தம் ஆகாது, எப்போது தனியே விட வேண்டும் என்பதை இப்போதே அவரிடம் கேட்கட்டும். அவர் பேசாமல் இருந்தால் அன்றைக்கு விட்டுவிட்டு இன்னொரு நாள் கேட்கட்டும். அவளுக்கும் பேச ஓர் ஆள் வேண்டும். அது நீங்களாகவே இருக்கலாம்.

அன்புடன்