பைத்தான் லூப்பில் எத்தனையாவது வரி என்று எண்ணத் தனி மாறி வைப்பது தப்பா?

'ஐ = 0 என்று வைத்து ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டினாலே வேலை முடிகிறது, எனுமரேட் எதற்கு?' என்று கேட்டிருக்கிறீர்கள். (எனுமரேட் என்பது லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் வரிசை எண்ணையும் தானே சேர்த்துத் தரும் பைத்தான் வசதி.) காலேஜில் சி படித்துவிட்டுப் பைத்தானுக்கு வந்தவர் போலிருக்கிறது. நானும் அப்படித்தான். தப்பில்லை, ஓடும். எனக்கும் ஒரு சனிக்கிழமை வரை ஓடியது.

2014-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாரச் சம்பளப் பட்டியலைச் சரிபார்க்க ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். பீஸ் கணக்கு சந்தேகமாக இருந்தால் எக்செல் வரி எண்ணை அச்சிடும். தலைப்பு முதல் வரி என்பதால் கவுண்டர் 2-இல் தொடங்கும். கூட்டலை லூப்பின் கடைசியில் வைத்திருந்தேன். அந்த வாரம் வேலைக்கு வராதவர்களைத் தாண்ட நடுவில் ஒரு கன்டினியூ, அதாவது மீதியை விட்டு அடுத்த சுற்றுக்குத் தாவச் சொல்லும் கட்டளை. அது ஒவ்வொரு முறையும் கூட்டலையும் சேர்த்தே தாண்டியது. ஒன்பது பேர் லீவு. 83-ஆவது வரியில் இருந்த தவறு 74 என்று வந்தது. கணக்குப்பிள்ளை பேரைப் பார்க்காமல் 74-இல் பீஸைக் குறைத்துவிட்டார். (பேரையும் சேர்த்து அச்சிட்டிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன்.)

சாயங்காலம் அந்த 74-ஆவது வரிக்குரிய ஓவர்லாக் மெஷின் அக்கா கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் வந்தார்: "ஏனுங் தம்பி, ரெண்டு நாள் பீஸ் எங்கீங்க போச்சு?"

கூட்டலை லூப்பின் முதல் வரியில் வைத்திருந்தால் போதுமே என்பீர்கள். போதும்தான். ஆனால் மறக்க வாய்ப்புள்ள வரியை எதற்கு எழுத வேண்டும்? எனுமரேட்(வரிகள், 2) என்றால் கன்டினியூ வந்தாலும் எண் நகர்ந்துவிடும். இது 2003-இல் வந்த பைத்தான் 2.3-லேயே இருக்கிறது, தொடக்க எண் கொடுக்கும் வசதி 2.6-இல் சேர்ந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. சிஎஸ்வி கோப்பைத் தலைப்புகளோடு சேர்த்துப் படிக்கும் டிக்ட்ரீடர் காலி வரிகளைத் தானே விழுங்கிவிடும், அங்கே எனுமரேட்டும் ஏமாற்றும் என்று கமென்டில் வராதீர்கள். தெரியும். நான் பயன்படுத்தியது சாதாரண ரீடர். லீவு எடுத்தவர்களை மட்டும் விட்டு எண்ண வேண்டுமென்றால் தனி கவுண்டர்தான் சரி, அதையும் மறுக்கவில்லை.

அக்காவுக்கு அடுத்த வாரமே பணத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். எனக்குப் பேசியதில் பாதி இன்னும் வரவில்லை. கேட்டால் "உங்க கம்ப்யூட்டர் பண்ணின கூத்துக்கு நாங்க பாத்துக்கிட்டதே பெருசுங்க" என்றார் முதலாளி. குறைத்தது கம்ப்யூட்டரா, கணக்குப்பிள்ளையா? அவருக்கு அந்தத் தீபாவளிக்கு முழு போனஸ். எனக்கு அரைக் கிலோ மைசூர்பாக்.