பால்கனியும் வீடுதான்

கேள்வி: பெரம்பூரில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கிறோம். மகனுக்கு 2 வயது. இந்த வருடம் மட்டும் நான்கு முறை வீசிங் வந்து நெபுலைசர் வைத்தாயிற்று. "வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா?" என்று டாக்டர் கேட்டார். "வீட்டுக்குள்ளே யாரும் பிடிப்பதில்லை டாக்டர்" என்று கணவர் முந்திக்கொண்டார். மாமனாருக்கு 68 வயது. பால்கனியில்தான் பிடிக்கிறார், ஒரு நாளைக்கு ஏழெட்டு. மாமியாரோ, "நாற்பது வருஷமா எனக்குப் பழகிடுச்சு, ஒண்ணும் ஆகாது" என்கிறார். கணவர் சொன்னது பொய்தானே? மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது?
- பெயர் வேண்டாம், சென்னை-11

பதில்: பொய் இல்லை. ஆனால் டாக்டர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

உங்கள் பால்கனி எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று எழுதவில்லை. கிழக்கு என்றால், மதியத்துக்கு மேல் கடல்காற்று வீசும்போது மாமா பற்ற வைக்கும் நேரத்தில் ஹாலில் நின்று திரைச்சீலையைப் பாருங்கள். அது உள்பக்கமாக உப்பினால் புகையும் அதே வழியில்தான் வருகிறது. அப்புறம், பால்கனிக் கொடியில் காய்ந்த குழந்தையின் பனியனை முகர்ந்து பாருங்கள். சிகரெட் வாசனை வந்தால், புகையின் படிவு துணியில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தாத்தாவின் சட்டையிலும் அதே படிவுதான். பேரன் முகம் புதைத்துத் தூங்குவது அந்தத் தோளில்.

மாமா இழுப்பது ஃபில்டர் வழியாக வருகிறது. விரலிடுக்கில் சும்மா எரியும் நுனியிலிருந்து கிளம்பும் புகைக்கு ஃபில்டர் ஏது? பக்கத்தில் இருப்பவர்கள் மூச்சில் போவது பெரும்பாலும் அந்தப் புகைதான். அதில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள். சுமார் 70 புற்றுநோய் தருபவை. நாம் நிமிடத்துக்குப் பதினைந்து முறை மூச்சு விட்டால் உங்கள் மகன் 25, 30 முறை விடுவான். மூச்சுக்குழலோ குறுகல், கொஞ்சம் வீங்கினாலே 'கீச்' சத்தம் வந்துவிடும். வீசிங் மட்டுமல்ல, நெஞ்சுச் சளி, நிமோனியா, காதில் சீழ் எல்லாமே புகை உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு அதிகம் வரும்.

சரி, இரவில் கொசுவத்திச் சுருள் கொளுத்துகிறீர்களா? அந்தப் புகையும் வீசிங்கைக் கிளப்பும். அதை முதலில் நிறுத்துங்கள். அந்தப் பழியும் சேர்ந்து மாமா தலையில் விழ வேண்டாம்.

உங்கள் மாமியாரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மூக்குக்குப் பழகும், நுரையீரலுக்கும் இதயத்துக்கும் பழகாது. ஜப்பானில் சிகரெட் தொடாத 90,000-க்கும் மேற்பட்ட மனைவிகளைப் பல வருடங்கள் கவனித்து 1981-இல் ஒரு ஆய்வு வந்தது. கணவர் அதிகம் புகைத்த வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம். அடுத்தவர் புகையால் மாரடைப்பு ஆபத்தும் ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. அத்தைக்கு ஒரு முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மாமாவிடம் நீங்கள் சொல்லவே வேண்டாம். மருமகள் சொன்னால் அது புகையைப் பற்றிய பேச்சாக இருக்காது, மரியாதையைப் பற்றிய பேச்சாகிவிடும். இப்போதைக்குக் கணவர் ஒன்று மட்டும் கேட்கட்டும்: "அப்பா, கீழே தெருவில் போய்ப் பிடிங்க. வந்ததும் சட்டையை மாத்தி, கை கழுவிட்டு அவனைத் தூக்குங்க." லிஃப்ட் இல்லாத கட்டடம் என்றால் ஏழெட்டு தானாகவே குறையவும் கூடும்!

அவரே விட நினைத்தால் வயது தடையில்லை. பிரிட்டனில் மருத்துவர்களையே 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், 60 வயதில் நிறுத்தியவர்களுக்குக்கூட ஆயுள் சுமார் 3 ஆண்டுகள் கூடியிருந்தது. விட்ட ஒரு வருடத்தில் மாரடைப்பு ஆபத்தில் கூடுதலாக இருந்தது ஏறத்தாழ பாதியாகிறது. 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் சிகரெட் பெட்டியிலேயே இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இதற்கு உதவுகிறார்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது தாத்தாவையும் கூட்டிப்போங்கள், பேரனை மடியில் வைத்துக்கொள்ள என்று சொல்லி. டாக்டர் அதே கேள்வியை மறுபடி கேட்பார். உங்கள் கணவர் முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமாவே பதில் சொல்லட்டும்.