வட்ட வாசிப்பறை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் வட்ட வாசிப்பறையை 2007இல் கண்காட்சிக்கூடமாக்கியது தவறு என்று எழுதியிருந்தீர்கள். அங்கிருந்த பிரிட்டிஷ் நூலகம் 1997லேயே லண்டனின் செயின்ட் பான்க்ராஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நூல் இல்லாத அறையைப் பூட்டிவைப்பதைவிட, சீனத்துச் சுடுமண் வீரர் சிலைகளைக் காண லட்சக்கணக்கானோர் வந்துபோகும் இடமாக்கியது நல்லதுதானே? கட்டிடத்தையும் யாரும் இடிக்கவில்லை. உங்கள் எதிர்ப்பு வெறும் பழமைப் பற்றாகவே எனக்குப் படுகிறது.

கே. ஆர்., திருச்சி

அன்புள்ள கே. ஆர்.,

நூல் இல்லாத அறை என்பது, பிரிட்டிஷ் நூலகம் வெளியேறியதற்கும் 2000ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு மட்டுமே பொருந்தும். 2000இல் அறையைப் புதுப்பித்துத் திறந்தபோது, ஏறத்தாழ 25,000 நூல்கள் கொண்ட பால் ஹாம்லின் நூலகம் அங்கே அமைந்தது; அதுவரை அனுமதிச்சீட்டு பெற்றவர்கள் மட்டுமே படித்துவந்த இடத்தில், மியூசியத்துக்கு வந்த எவரும் உட்கார்ந்து படிக்க முடிந்தது. நாட்டின் பெருஞ்செல்வந்தருக்குக் கிடைக்கும் அறிவு வசதி ஏழை மாணவருக்கும் கிடைக்க வேண்டுமென்று 1836இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வாதாடியவர் மியூசியத்தின் நூலகர் அந்தோனியோ பனிட்சி. 1857இல் திறக்கப்பட்ட இந்த அறை அவருடைய திட்டத்தில் எழுந்ததுதான். அவருடைய எண்ணம் ஏறக்குறைய முழுமையாக நிறைவேறிய காலம் என்று அந்த ஏழாண்டுகளைத்தான் நான் சொல்வேன். 2007இல் கண்காட்சிக்காக விட்டுக்கொடுக்கப்பட்டது அந்த ஏற்பாடு.

இடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் சிட்னி ஸ்மர்க் வடிவமைத்த, 140 அடி விட்டமுள்ள அந்தக் குவிமாடம் மட்டும் வாசிப்பறை ஆகிவிடாது. அதன் கீழே, நடுவில் கண்காணிப்பாளரின் இருக்கை. அதைச் சுற்றி நூற்பட்டியல் அடுக்குகள். அங்கிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களாகப் பிரிந்து செல்லும் மேசைகள். ஒவ்வோர் இடத்திலும் நூலைச் சாய்த்துவைக்க ஒரு மடக்குப்பலகை, மைக்கூடு, பேனா. (மார்க்ஸ் அமர்ந்த நாற்காலி எது என்று பயணிகள் கேட்பது வழக்கம், அங்கே யாருக்கும் இருக்கை ஒதுக்கப்பட்டதில்லை.) ஒருவர் ஓரிடத்தில் நெடுநேரம் அமர்ந்திருக்க, அவர் கேட்ட நூல் அவரைத் தேடி வரும் என்ற ஒரே நோக்கத்துக்காக, உயரமான சன்னல்களின் பகல் வெளிச்சத்தை நம்பி, அத்தனையும் அமைக்கப்பட்டன. மின்விளக்கு வரும்வரை, மூடுபனி கனத்த நாள்களில் அறையையே மூடிவிடுவார்கள்.

கண்காட்சிக்குத் தேவையானவை நேர்மாறானவை. அங்கே பொருள் நிற்கும், மனிதர்கள் நகர்வார்கள். பட்டும் காகிதமும் வண்ணமும் பகல் வெளிச்சத்தைத் தாங்குவதில்லை. ஆகவே மேசைகளுக்கு மேலே ஒரு தளம் எழுப்பி, அதன்மீது கண்காட்சியை அமைத்தார்கள். அந்த அறைக்குள் நுழைந்தவர்கள் அந்த அறையின் மேசைகளைக் காணாமலே வெளியேறினார்கள். ஒரு பழைய அறையைப் பயன்படுத்துவதற்கு முதலில் அதை மறைத்தாக வேண்டும் என்றால், அந்தப் பயன் அதற்கு உரியதல்ல என்பது என் எண்ணம்.

கூட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சீனத்து முதல் பேரரசரைப் பற்றிய அந்தக் கண்காட்சிக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஆனால் அவர்கள் வீரர்களைக் காண வந்தவர்கள். வேறு கூடத்தில் வைத்திருந்தாலும் வந்திருப்பார்கள். 2014இல் மியூசியம் தனக்கென்று புதிய கண்காட்சிக்கூடத்தைக் கட்டி வைக்கிங்குகள் பற்றிய கண்காட்சியுடன் திறந்தபோது, கூட்டம் அங்கே போயிற்று. வாசிப்பறைக்கு என்ன நடந்தது? 2007இல் வேறோர் அறைக்கு மாற்றப்பட்ட பால் ஹாம்லின் நூலகம் 2011லேயே மூடப்பட்டிருந்தது; கண்காட்சிகளும் வெளியேறிய பின் அறை பல ஆண்டுகள் பொதுமக்களுக்கு அடைத்தே கிடந்தது. நீங்கள் அஞ்சும் பூட்டு, கண்காட்சிக்குப் பிறகுதான் விழுந்தது.

நான் கேட்பது பெரிதல்ல. 2000ஆம் ஆண்டின் ஏற்பாடு மீண்டும் வரட்டும்: மியூசியத்தின் பொருள்களைப் பற்றிய நூல்கள், அதே மேசைகள், சீட்டு கேட்காத நுழைவு. கண்காட்சிகளுக்குத்தான் இப்போது தனிக்கூடம் இருக்கிறதே.